எதிர்க்கட்சி எம்.பி. பட்ஜெட்டை எதிர்த்து வாக்கெடுப்பு வரை போக மக்களவையில் என்ன வழி?

புதுக்கேள்வி:

வணக்கம். முதல்முறை எம்.பி. ஆகியிருக்கும் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினருக்காகப் பட்ஜெட் கூட்டத்தொடரின் இரண்டாம் பகுதிக்குக் குறிப்புகள் தயாரிக்க வேண்டும். பொது விவாதத்தில் பேசுவது பற்றிச் சந்தேகமில்லை. பேச்சைத் தாண்டி, அவை முடிவெடுத்தே ஆக வேண்டிய கட்டத்துக்கு ஒரு எதிர்ப்பைக் கொண்டுபோவது எப்படி என்பதுதான் கேள்வி.

ஒரு துறைக்கு ஒதுக்கிய தொகை போதாது, கூட்டுங்கள் என்று வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாமா? பெட்ரோல் மீதான மத்திய வரியைக் குறைக்கச் சொல்லி, பட்ஜெட்டின் வரி மாற்றங்களைச் சட்டமாக்கும் நிதி மசோதாவில் திருத்தம் கொடுக்கலாமா? ஆவணக் குவியலில் எதை முதலில் திறக்க வேண்டும்? ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருக்கையில் இதெல்லாம் எதற்கு என்று கட்சிக்குள்ளேயே கேட்கிறார்கள். அதற்கும் பதில் சொல்ல முடிந்தால் நல்லது.

அவைக்குறிப்பு:

ஒதுக்கீட்டைக் கூட்டச் சொல்லி எந்த உறுப்பினரும் தீர்மானம் கொடுக்க முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 113(2) பிரிவு மக்களவைக்குத் தந்திருப்பது மூன்று அதிகாரங்கள்: மானியக் கோரிக்கையை (ஒரு துறைக்கான செலவுக்கு அரசு அவையிடம் கேட்கும் தொகை) ஏற்கலாம், மறுக்கலாம், தொகையைக் குறைத்து ஏற்கலாம். கூட்டும் உரிமை அரசுக்கு மட்டுமே. அதனால் பணம் போதவில்லை என்று சொல்ல நினைப்பவரும் "குறைக்க வேண்டும்" என்ற வடிவத்தில்தான் எழுதியாக வேண்டும். கேட்க முரணாக இருந்தாலும் நடைமுறை அதுதான்.

மக்களவை விதி 209 மூன்று வகை வெட்டுத் தீர்மானங்களைச் சொல்கிறது. கொள்கையை ஏற்காத வெட்டு: கோரிக்கைத் தொகையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வது. இதைக் கொடுப்பவர் எந்தக் கொள்கையை எதிர்க்கிறார் என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மாற்றுக் கொள்கையையும் முன்வைத்துப் பேசலாம். சிக்கன வெட்டு: இன்ன தொகையைக் குறைக்க வேண்டும் என்று எண்ணோடு சொல்வது. அந்தச் செலவை எப்படி மிச்சப்படுத்தலாம் என்பதற்குள்தான் பேச்சு நிற்க வேண்டும். அடையாள வெட்டு: 100 ரூபாய் குறைக்கச் சொல்வது. மத்திய அரசின் பொறுப்பில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட குறையை அவையில் எழுப்ப இது உதவும். "போதிய நிதி ஒதுக்கத் தவறியது" என்ற புகாருக்கு உகந்தது இந்த மூன்றாவது வகை.

வாசகம் இப்படி இருக்கும்:

"வேளாண்மை மற்றும் உழவர் நலத் துறை என்ற தலைப்பின் கீழான கோரிக்கையில் 100 ரூபாய் குறைக்கப்பட வேண்டும். பயிர்க் காப்பீட்டு இழப்பீட்டை உரிய காலத்தில் வழங்கத் தவறியது."

அவ்வளவுதான். இரண்டாம் வாக்கியத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். "விவசாயிகளை வஞ்சித்த இந்த அரசு" என்று தொடங்கினால் விதி 210-இன்படி தள்ளுபடி ஆகும், ஏனென்றால் வாதம், ஊகம், கிண்டல், அடைமொழி, அவதூறு எதுவும் தீர்மான வாசகத்தில் இருக்கக் கூடாது. அதையெல்லாம் பேச்சில் வைத்துக்கொள்ளலாம். அடிக்கடி அடிபடும் வேறு சிலவற்றையும் சொல்கிறேன்:

இரண்டு கோரிக்கைகளை ஒரே தீர்மானத்தில் சேர்ப்பது. ஒரு தீர்மானத்துக்கு ஒரு கோரிக்கை, அதிலும் ஒரே ஒரு விஷயம்.

"இன்ன சட்டத்தைத் திருத்த வேண்டும்" என்று எழுதுவது. சட்டத் திருத்தமோ ரத்தோ கோர வெட்டுத் தீர்மானம் இடமல்ல.

மாநில அரசின் பொறுப்பில் உள்ளதைக் கேட்பது. மாநிலக் காவல் துறையில் காலியிடங்களை நிரப்பவில்லை என்று உள்துறைக் கோரிக்கையில் எழுதினால் அனுமதி கிடைக்காது.

நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு நிற்கும் விஷயத்தைத் தொடுவது.

வாக்கெடுப்புக்கு உட்படாத செலவைத் தொடுவது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 112(3) பிரிவு பட்டியலிடும் செலவுகள் இந்தியத் தொகுப்பு நிதியின் (மத்திய அரசின் முதன்மைக் கருவூலம்) மீது நேரடியாகச் சுமத்தப்பட்டவை. கடன் வட்டி, குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் போன்றவை அவற்றில் அடங்கும். விவாதிக்கலாம், வாக்கெடுக்க முடியாது. 2025-26 பட்ஜெட்டின் மொத்தச் செலவு 50,65,345 கோடி ரூபாய். அதில் வட்டி மட்டும் 12,76,338 கோடி. நான்கில் ஒரு பங்கு அவையின் வாக்குக்கே வருவதில்லை. ஆகவே "கடன் சுமை" என்ற தலைப்பை வெட்டுத் தீர்மானத்துக்கு எடுக்காதீர்கள். அதைப் பொது விவாதத்துக்கு ஒதுக்குங்கள்.

இனி கால வரிசை. கோரிக்கை விவாதத்துக்கு வரும் நாளுக்கு ஒரு நாள் முன்பாவது நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும் (விதி 212). கடைசி நேரம் எது என்பதை மக்களவைச் செயலகத்தின் அறிவிப்பு இதழில் தினமும் பாருங்கள், ஏனென்றால் எந்தத் துறை எப்போது வரும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். அனுமதிக்கப்பட்ட தீர்மானங்கள் வரிசை எண்ணோடு அச்சாகிச் சுற்றுக்கு வரும். கோரிக்கை எடுத்துக்கொள்ளப்பட்டதும் அவைத் தலைவர் ஒன்றைச் சொல்வார்: தீர்மானத்தை முன்மொழிய விரும்புவோர் வரிசை எண்ணைச் சீட்டில் எழுதி 15 நிமிடத்துக்குள் மேசைக்கு அனுப்ப வேண்டும், அப்படி வந்தவை மட்டுமே முன்மொழியப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று. நாற்பது தீர்மானம் கொடுத்துவிட்டு, அந்த 15 நிமிடத்தில் உறுப்பினர் அவைக்கு வெளியே நின்று பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தால் நாற்பதும் வீண். சீட்டை முதல் நாளே நிரப்பி உறுப்பினரின் கோப்பில் வைத்துவிடுங்கள்.

விவாதம் முடிந்ததும் வெட்டுத் தீர்மானங்கள் கோரிக்கைக்கு முன்பாக வாக்குக்கு விடப்படும். எல்லாவற்றையும் சேர்த்தே விடலாமா, எதையாவது தனியே விட வேண்டுமா என்று அவைத் தலைவர் கேட்பார். அந்த நொடியில் எழுந்து வரிசை எண்ணைச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். பிறகு குரல் வாக்கெடுப்பின் முடிவை ஏற்காமல் டிவிஷன் (பெயர்வாரி வாக்கெடுப்பு) கேட்க வேண்டும். மணி மூன்றரை நிமிடம் ஒலிக்கும், கதவுகள் அடைக்கப்படும், பெயர் பெயராகப் பதிவாகும். விதி 367-இன்படி, தேவையில்லாமல் டிவிஷன் கேட்கப்படுவதாக அவைத் தலைவர் கருதினால் உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லித் தலை எண்ணி முடித்துவிடலாம். அப்போது பெயர்கள் பதிவாகாது. அதைத் தவிர்க்க, கட்சியின் கொறடாவும் தோழமைக் கட்சிகளும் அந்த நேரத்தில் இருக்கையில் இருப்பதை முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். பத்துப் பேர் உட்கார்ந்து டிவிஷன் கேட்பதற்கும் நூற்றைம்பது பேர் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே தொங்கும் கத்தி கில்லட்டின் (விதி 208). கோரிக்கைகளுக்கு ஒதுக்கிய கடைசி நாளில் மாலை 5 மணிக்கோ முன்பே நிர்ணயித்த வேறு நேரத்திலோ மீதமுள்ள எல்லாக் கோரிக்கைகளும் விவாதமின்றி வாக்குக்குப் போய்விடும். மொத்தக் கோரிக்கைகள் நூறுக்குச் சற்று மேல். விவாதத்துக்கு வருவது சில அமைச்சகங்கள்தான். 2018-லும் 2023-லும் அமளிக்கு நடுவே எல்லாக் கோரிக்கைகளும் விவாதமே இல்லாமல் நிறைவேறின. எந்த அமைச்சகங்களை எடுப்பது என்பதை அலுவல் ஆலோசனைக் குழு முடிவு செய்கிறது. அந்தக் குழுவில் உங்கள் கட்சி சார்பில் இருப்பவரிடம் இப்போதே பேசுங்கள். கில்லட்டினில் போகும் துறைக்கு வெட்டுத் தீர்மானம் தயாரிப்பது உழைப்பை வீணாக்குவது.

கணக்கர்:

மேலே சொன்னது நடைமுறை. எந்த எண்ணை எடுக்கிறதுன்னு நான் சொல்றேன். பெரும்பாலான பேச்சு தோற்கிறது இங்கேதான்.

செலவு பட்ஜெட்டைத் திறந்தா ஒவ்வொரு திட்டத்துக்கும் நாலு பத்தி இருக்கும்: முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பு ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு. எதை எதோட ஒப்பிடுறோம்கிறதை வெளிப்படையா சொல்லணும். 2023-24-இல ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு 60,000 கோடி ஒதுக்கினாங்க. அதுக்கு முந்தைய ஆண்டு பட்ஜெட் மதிப்பீடு 73,000 கோடி. திருத்திய மதிப்பீடு 89,400 கோடி. முதலாவதோட ஒப்பிட்டா 18 சதவீத வெட்டு, இரண்டாவதோட ஒப்பிட்டா 33 சதவீத வெட்டு. "33 சதவீதம்" மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்திருந்தா, இது தேவைக்கேற்ப நடக்கிற திட்டம், கேட்கக் கேட்கக் கொடுப்போம்னு அமைச்சர் பதில் சொல்லியிருப்பார். அந்த ஆண்டு திருத்திய மதிப்பீடு உண்மையிலேயே 86,000 கோடியா ஏறிச்சு. அதனால கேள்வியை வேற மாதிரி வைக்கணும்: பின்னாடி கூட்டப் போறது தெரிஞ்சும் ஆரம்பத்துல குறைச்சு வெச்சா, ஆண்டு நடுவுல கூலி நிலுவை விழாதா? வருஷத் தொடக்கத்துல பழைய நிலுவைக்கே எவ்வளவு போகுது? இந்தக் கேள்விக்கு "பிறகு கொடுப்போம்"ங்கிறது பதில் ஆகாது.

இதோட கூட நான் எப்பவும் பார்க்கச் சொல்ற இடங்கள்:

செலவு விவரத் தொகுப்புல 27-ஆம் அறிக்கை. பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கின கடன் அங்கே வரும். இந்திய உணவுக் கழகம் சிறுசேமிப்பு நிதியில இருந்து கடன் வாங்கித்தான் பல வருஷம் உணவு மானியத்தோட ஒரு பகுதியைச் சமாளிச்சுது. அது மத்திய அரசோட பற்றாக்குறைக் கணக்குல தெரியலை. 2020-21 திருத்திய மதிப்பீட்டுல அந்தக் கடனை அடைச்சு, உணவு மானியத்தைப் பட்ஜெட்டுக்குள்ள கொண்டுவந்தப்போ மானியம் 4.22 லட்சம் கோடியாத் தெரிஞ்சுது. நிதிப் பற்றாக்குறை 9.5 சதவீதம்னு காட்டினதுல இதுக்கும் ஒரு பங்கு உண்டு. அதைச் செஞ்சது சரியான காரியம், எதிர்க்கட்சி அதைப் பாராட்டியே பேசலாம். ஆனா அதே பழக்கம் வேற துறையில திரும்ப வருதான்னு வருஷாவருஷம் பார்க்கணும்.

வரவு பட்ஜெட்டோட பின்னிணைப்புகள். வரிச் சலுகைகளால விட்டுக்கொடுத்த வருவாய்க் கணக்கு அதுல இருக்கு. விதிச்சும் வசூலாகாம நிக்கிற வரி எவ்வளவுங்கிற கணக்கும் தனியா இருக்கு. "வரிச் சலுகையை எல்லாம் எடுத்தா இவ்வளவு கோடி கிடைக்கும்"னு அந்தத் தொகையை அப்படியே வாசிக்காதீங்க. சலுகை போனா மக்கள் நடத்தையும் மாறும், அந்தத் தொகை முழுசா கைக்கு வராது. அந்தப் பின்னிணைப்பே இந்த எச்சரிக்கையோடதான் வருது.

துணை மானியக் கோரிக்கை வந்தா முதல் பக்கத்துல ரெண்டு எண் இருக்கும். மொத்தக் கூடுதல் செலவு ஒண்ணு, நிகர ரொக்கச் செலவு இன்னொண்ணு. வித்தியாசம் வேற தலைப்புல மிச்சமானதையும் கூடுதல் வரவையும் வெச்சு ஈடுகட்டுறது. மொத்த எண்ணைச் சொல்லி "கணக்கில்லாத செலவு"ன்னு பேசினா, அமைச்சர் நிகர எண்ணை வாசிச்சு ஒரே வரியில முடிச்சுடுவார். ஆனா அந்த மிச்சம் எந்தத் துறையில வந்துச்சுன்னு தேடினா அங்கேதான் உண்மையான வெட்டு ஒளிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு. கணக்குத் தலைமைக் கட்டுப்பாட்டாளர் மாசாமாசம் மத்திய அரசோட கணக்கை வெளியிடுறார். துறை வாரியா எவ்வளவு சதவீதம் செலவாச்சுன்னு தெரியும். கடைசிக் காலாண்டுல 33 சதவீதத்துக்கு மேலயும் மார்ச்ல 15 சதவீதத்துக்கு மேலயும் செலவு போகக் கூடாதுன்னு நிதி அமைச்சகத்தோட கட்டுப்பாடு இருக்கு. ஆண்டோட பெரும்பகுதி போயும் ஒரு துறை பாதிகூடச் செலவழிக்கலைன்னா, திருத்திய மதிப்பீட்டுல குறைப்பு வரலாம். பட்ஜெட் வர்றதுக்கு முன்னாடியே இதைக் கேள்வியாக் கேட்டு எழுத்துப் பதில் வாங்கி வெச்சுக்கலாம். மக்களவையில ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி (வாய்மொழிப் பதில்) 20, நட்சத்திரமில்லாதது (எழுத்துப் பதில்) 230. நட்சத்திரத்துக்குச் சீட்டு விழணும். எண்ணும் பட்டியலும் தேவைன்னா நட்சத்திரமில்லாததே போதும். பதில் அட்டவணையோட வரும், அதை அமைச்சர் மறுக்க முடியாது.

புதுக்கேள்வி:

இருவருக்கும் நன்றி. 15 நிமிடச் சீட்டு பற்றி எங்கள் குறிப்பில் இல்லவே இல்லை. பெட்ரோல் வரி பற்றியும் யாராவது சொல்லுங்கள். "கலால் வரியைக் குறைக்க வேண்டும்" என்று நிதி மசோதாவில் திருத்தம் கொடுத்தால் போதுமா?

வரிச்சட்டம்:

பெட்ரோல் விஷயத்தில் எந்தக் கதவு வழியாக வரி ஏறுகிறது என்பதை முதலில் பிடிக்க வேண்டும். அது தெரியாமல் திருத்தம் எழுதினால் இலக்கு தப்பும்.

2020 மார்ச் 23-ஆம் தேதி நிதி மசோதா விவாதமின்றி நிறைவேறியது. கொரோனா காரணமாக அவை அவசரமாக முடிந்த நாள். அன்று அரசு கொண்டுவந்த திருத்தத்தில், சிறப்புக் கூடுதல் கலால் வரியை எதுவரை உயர்த்தலாம் என்ற உச்சவரம்பு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 18 ரூபாயாகவும் டீசலுக்கு 12 ரூபாயாகவும் கூட்டப்பட்டது. வரி அன்று ஏறவில்லை. ஏற்றிக்கொள்ளும் அதிகாரம் ஏறியது. மே மாதத்தில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கூடின. மத்திய வரி பெட்ரோலில் 32.98 ரூபாய் ஆனது. அந்த மே உயர்வுக்கு முன்பாக அவையில் யாரும் வாக்களிக்கவில்லை. அது அறிவிக்கை மூலம் வந்தது. ஆகவே நிதி மசோதாவில் "உச்சவரம்பு", "அட்டவணைக்குப் பதிலாக" என்று எங்கே வந்தாலும் அந்த இடத்தில் நில்லுங்கள். அன்றைக்கு அது மசோதாவில் ஒரு வாக்கியம். ஆண்டு நடுவில் அதுவே விலை.

அடுத்தது, அந்த வரிக்குள் எந்த வகை எவ்வளவு என்பது. 2022 மே குறைப்புக்குப் பிறகு 2025 ஏப்ரல் வரை பெட்ரோல் மீதான மத்திய வரி லிட்டருக்கு 19.90 ரூபாயாக இருந்தது. அதைப் பிரித்தால்: அடிப்படைக் கலால் வரி 1.40, சிறப்புக் கூடுதல் கலால் வரி 11, சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் 5, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2.50. அரசமைப்பின் 270-ஆம் பிரிவுப்படி செஸ்ஸும் (குறிப்பிட்ட நோக்கத்துக்கான கூடுதல் வரி) சர்சார்ஜும் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) மாநிலங்களோடு பகிரப்படுவதில்லை. சிறப்புக் கூடுதல் கலால் வரியும் சர்சார்ஜ் வகைதான். பகிர்வுக்குரியது அந்த 1.40 மட்டுமே. 15-ஆவது நிதிக் குழு சொன்ன 41 சதவீதத்தைப் போட்டால் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 57 காசு. 19.90 ரூபாயில் 57 காசு என்ற இந்தக் கணக்கை இப்போதைய விகிதத்தில் போட்டு எடுத்தால், அது ஒன்றே எதிர்க்கட்சிப் பேச்சுக்கு முதுகெலும்பாக நிற்கும்.

ஆனால் வரப்போகும் பதிலுக்குத் தயாராக இருங்கள். 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் செய்த குறைப்பு முழுவதும் சாலை செஸ்ஸில் செய்யப்பட்டது, அதனால் மாநிலங்களின் பங்கு குறையவில்லை, இழப்பு முழுவதும் மத்திய அரசுக்கே என்று நிதி அமைச்சர் சொன்னார். அது கணக்குப்படி சரிதான். செஸ் பணத்தில் மாநிலங்களிலும் சாலை போடுகிறோம் என்பதும் வரும். இதை மறுக்கப் போகாதீர்கள். மாநிலம் தன் முன்னுரிமைப்படி செலவழிக்கும் பணமும் மத்திய அரசு திட்டம் போட்டுத் தரும் பணமும் ஒன்றல்ல என்பதே சரியான எதிர்வாதம். கூடவே சிஏஜி (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை கைகொடுக்கும். 2018-19-இல் 35 செஸ் மற்றும் லெவிகளில் வந்தது 2,74,592 கோடி. உரிய நிதியங்களுக்கு மாற்றப்பட்டது 1,64,322 கோடிதான். 2017-18, 2018-19 இரண்டு ஆண்டுகளில் ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ்ஸில் 47,272 கோடி இழப்பீட்டு நிதியத்துக்குப் போகாமல் தொகுப்பு நிதியிலேயே தங்கியது என்றும் அந்தத் தணிக்கை சொன்னது. குறிப்பிட்ட நோக்கத்துக்காக மக்களிடம் வாங்கிய பணம் அந்த நோக்கத்துக்குப் போகவில்லை என்பது எந்தக் கட்சியும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாத குற்றச்சாட்டு.

இனி திருத்தம் எழுதுவது. 117(1) பிரிவின்படி வரி சம்பந்தமான திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் பரிந்துரை தேவை. வரியைக் குறைக்கவோ நீக்கவோ கொடுக்கும் திருத்தத்துக்கு மட்டும் அதிலேயே விலக்கு இருக்கிறது. பெரும் பணக்காரர்கள் மீது சர்சார்ஜைக் கூட்டச் சொன்னால் பரிந்துரை இல்லாமல் நகராது. செஸ்ஸை நீக்கச் சொல்லலாம். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். 274-ஆம் பிரிவையும் படிக்க வேண்டும். மாநிலங்களுக்குப் பங்கு போகும் வரியை மாற்றும் திருத்தத்துக்கும் பரிந்துரை தேவை என்கிறது அது, அங்கே குறைப்புக்கு விலக்கு எழுதப்படவில்லை. வருமான வரி விகிதம் மாநிலங்களுக்குப் பங்கு போகும் வரி. ஆகவே "வருமான வரி விலக்கு வரம்பை உயர்த்து" என்ற திருத்தம் அந்தக் கல்லில் இடிபடலாம். சட்ட வாசகப்படி எதிர்க்கட்சிக்குத் திறந்திருக்கும் எளிய வழி, பகிரப்படாத செஸ்ஸையும் சர்சார்ஜையும் குறைப்பதுதான். மாநில உரிமை பேசும் கட்சிக்கு அரசியலாகவும் அது பொருந்தும்.

திருத்தம் மசோதாவில் இருக்கும் கூறுக்குள் அடங்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மசோதா தொடாத சட்டத்தை நீங்கள் தொட முடியாது. "கூறு இன்னது, பக்கம் இன்னது, வரி இன்னது, இந்தச் சொற்களுக்குப் பதில் இந்தச் சொற்கள்" என்று எழுதி ஒரு நாள் முன்பு கொடுக்க வேண்டும்.

சுங்க வரி, கலால் வரி உயர்வுகளில் இன்னொரு சிக்கல். மசோதா அறிமுகமான அன்று நள்ளிரவே அவை வசூலுக்கு வந்துவிடும். முன்பு 1931-ஆம் ஆண்டுச் சட்டம், இப்போது 2023-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. 75 நாள் வரை செல்லும். நீங்கள் மார்ச்சில் எதிர்க்கும் வரி பிப்ரவரியிலிருந்தே வசூலாகிக்கொண்டிருக்கும். "கொண்டுவராதே" என்று பேசாமல் "திரும்பப் பெறு" என்று பேச வேண்டும்.

கடைசி நேர அரசுத் திருத்தங்களையும் கவனியுங்கள். 2023 மார்ச் 24-இல் நிதி மசோதா 64 அரசுத் திருத்தங்களோடு விவாதமின்றி நிறைவேறியது. கடன் பத்திர மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு நீண்டகால மூலதன ஆதாயச் சலுகை போனது அந்தத் திருத்தங்களில்தான். பிப்ரவரி 1 மசோதாவில் அது இல்லை. திருத்தப் பட்டியல் சுற்றுக்கு வந்த இரவே ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

மேலவை:

உங்கள் கட்சிக்கு மாநிலங்களவையில் ஆட்கள் இருந்தால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். அங்கே மானியக் கோரிக்கைகளுக்கு வாக்கு கிடையாது, வெட்டுத் தீர்மானமும் கிடையாது. அமைச்சகங்களின் செயல்பாடு பற்றிய விவாதம் உண்டு. மக்களவையில் கில்லட்டினில் போகும் துறையை அங்கே எடுக்க முயலலாம்.

நிதி மசோதா போன்ற பண மசோதாவை மாநிலங்களவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். பரிந்துரை செய்யலாம், மக்களவை ஏற்கலாம் அல்லது தள்ளலாம். 2017-இல் நிதி மசோதாவுக்கு மாநிலங்களவை 5 திருத்தங்களைப் பரிந்துரைத்தது. மக்களவை ஐந்தையும் தள்ளியது. அந்த மசோதாதான் கட்சிகளுக்கு நிறுவனங்கள் தரும் நன்கொடைக்கு இருந்த 7.5 சதவீத வரம்பை எடுத்தது. 2024 பிப்ரவரி 15-இல் தேர்தல் பத்திரத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தையும் செல்லாது என்றது.

வரியோடு தொடர்பில்லாத சட்டங்களை நிதி மசோதாவில் செருகுவதைப் பார்த்தால், அறிமுக நிலையிலேயே எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள். பண மசோதா எது என்று சொல்லும் 110-ஆம் பிரிவில், வரி, அரசுச் செலவு போன்றவை பற்றி மட்டுமே அது இருக்க வேண்டும் என்ற பொருளில் "மட்டுமே" என்ற சொல் இருக்கிறது. 2017 நிதிச் சட்டத்தில் தீர்ப்பாயங்களை மாற்றியமைத்தது பண மசோதா ஆகுமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 2019-இல் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

அவைக்குறிப்பு:

பெரும்பான்மை இருக்கும்போது எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன்.

2010 ஏப்ரல் 27-இல் பெட்ரோலிய விலை உயர்வை முன்வைத்து எதிர்க்கட்சிகள் கொடுத்த வெட்டுத் தீர்மானம் 201-க்கு 289 என்ற கணக்கில் தோற்றது. வெட்டுத் தீர்மானம் நிறைவேறினால் அரசு நம்பிக்கை இழந்ததாகப் பொருள். அதனால் அன்று அரசு தன் எண்ணிக்கையை வெளிப்படையாகக் காட்ட வேண்டியிருந்தது. வெளியே விலை உயர்வை எதிர்த்துப் பேசிவந்த பகுஜன் சமாஜ் கட்சி அவையில் அரசோடு நின்றது. கூட்டணி ஆட்சியில் இதன் எடை அதிகம். மாநிலத்தில் போராட்டம் நடத்தும் தோழமைக் கட்சி டெல்லியில் எப்படி வாக்களித்தது என்பது பெயரோடு பதிவாகிறது. டிவிஷன் கேட்காமல் குரல் வாக்கோடு விட்டால் அந்தப் பதிவே இல்லை.

இரண்டாவது காரணம், துறைசார் நிலைக்குழு. 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் 31 பேர். பொது விவாதம் முடிந்து அவை இடைவேளை விடும் வாரங்களில் மானியக் கோரிக்கைகளை இவைதான் ஆராய்கின்றன. கேமரா இல்லை, கட்சி வேகம் குறைவு, செயலாளர்களை நேரே கேட்கலாம். குழு அறிக்கையில் வெட்டுத் தீர்மானம் போன்ற பரிந்துரை இருக்கக் கூடாது என்று விதி 331E சொல்கிறது. ஆனால் "இந்தத் திட்டத்தில் இவ்வளவு செலவழியாமல் கிடக்கிறது" என்று ஆளுங்கட்சி உறுப்பினர்களும் இருக்கும் குழு எழுதிய வாக்கியத்தை வைத்து நீங்கள் வெட்டுத் தீர்மானம் கொடுத்தால், அமைச்சருக்கு அதை அரசியல் என்று தள்ளுவது கடினம்.

மூன்றாவது, பொதுக் கணக்குக் குழு. 22 உறுப்பினர்கள், 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினரே தலைவர். ஒதுக்கியதைவிட அதிகமாகச் செலவான தொகை 115-ஆம் பிரிவின் கீழ் மீண்டும் அவையின் வாக்குக்கு வரும் முன் இந்தக் குழு ஆராய வேண்டும். இன்று நீங்கள் எழுப்பும் சந்தேகம் சில ஆண்டுகள் கழித்து அங்கே தணிக்கைப் பத்தியாக வந்து நிற்கும்.

இன்னொரு வழியும் உண்டு, பலர் விட்டுவிடுகிறார்கள். அவை நடக்காத நேரத்தில் அவசரச் சட்டத்தால் வரி மாறினால், அதை ஏற்காத தீர்மானத்தை 123-ஆம் பிரிவின் கீழ் எந்த உறுப்பினரும் கொடுக்கலாம். 2019 செப்டம்பர் 20-இல் நிறுவன வரியை 22 சதவீதமாகக் குறைத்தது அவசரச் சட்டம்தான், ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் குறையும் என்பது அரசே சொன்ன மதிப்பீடு. இவ்வளவு பெரிய வரி முடிவு குளிர்காலக் கூட்டத்தொடரில்தான் அவைக்கு வந்தது. அப்படிப்பட்ட மசோதாவோடு சேர்த்து ஏற்பின்மைத் தீர்மானம் விவாதிக்கப்படும், தீர்மானத்தைக் கொடுத்தவருக்குப் பேச முதல் வாய்ப்பு.

புதுக்கேள்வி:

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். அமைச்சர் தன் பதிலுரையில் தவறான எண்ணைச் சொன்னால் அங்கேயே எழுந்து மறுக்கலாமா?

கணக்கர்:

குறுக்கிட்டா குறிப்புல ஏறாது, "குறுக்கீடு"ன்னு மட்டும் வரும். அமைச்சர் இடம் கொடுத்தா ஒரு விளக்கக் கேள்வி கேட்கலாம், அதுக்கு எண்ணும் பக்கமும் கையில இருக்கணும். இல்லைன்னா அவைத் தலைவர் வழிகாட்டுதல் 115-இன்படி, தவறு என்னங்கிறதையும் ஆதாரத்தையும் சேர்த்து அவைத் தலைவருக்கு எழுத்துல கொடுக்கணும். அவர் அமைச்சர்கிட்ட விளக்கம் கேட்டுட்டு, அதுக்கப்புறம் அவையில எழுப்ப அனுமதி கொடுக்கலாம்.

உங்க உறுப்பினர் ஆவணத்தை அவை மேசையில வைக்கிறதா இருந்தா விதி 369-இன்படி கையெழுத்திட்டு உறுதிப்படுத்தச் சொல்லுவாங்க. பத்திரிகைத் துண்டை வெச்சு உறுதிப்படுத்தினா பொறுப்பு உறுப்பினர் தலையில விழும். அதனால பேச்சுல வர்ற ஒவ்வொரு எண்ணுக்கும் பட்ஜெட் ஆவணம், சிஏஜி அறிக்கை, அவையில கிடைச்ச எழுத்துப் பதில் இந்த மூணுல ஒண்ணோட பக்கத்தை நகல் எடுத்து, பேச்சு வரிசைப்படியே அடுக்கிக் கொடுங்க. தனி நபர் மேல குற்றச்சாட்டு இருந்தா விதி 353-இன்படி அவைத் தலைவருக்கும் அமைச்சருக்கும் முன்கூட்டியே நோட்டீஸ் போயிருக்கணும். இல்லைன்னா அந்தப் பத்தியைப் பேச்சிலிருந்து இப்பவே எடுத்துடுங்க.